வாசகர் கேள்வி – பதில்: சொந்த லாரிக்குக் கடன்

கேள்வி: பல ஆண்டுகளாகப் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரியில் டிரைவராக இருக்கிறேன். இப்போது சொந்தமாக ஆறு சக்கர லாரி ஒன்றைச் செகண்ட்ஹேண்டில் வாங்க எண்ணுகிறேன். கையில் ஆறு லட்சம் ரூபாய் இருக்கிறது. இன்னும் பத்து லட்சம் கடன் வேண்டும். பைனான்ஸ் நிறுவனம் ஒன்று 9 சதவீத வட்டி என்கிறது. வங்கியில் 12 சதவீதம் என்பதோடு காகிதங்களும் நிறையக் கேட்கிறார்கள். பைனான்ஸிலேயே வாங்கிவிடலாமா? – வாசகர், பாவூர்சத்திரம்

பதில்: அந்த 9 சதவீதம் 'பிளாட்' வட்டியா, குறையும் இருப்பின் மீதான வட்டியா என்பதை முதலில் கேளுங்கள். பிளாட் என்றால், நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழுப் பத்து லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். நான்கு ஆண்டுக் கடனில் வட்டி மட்டும் 3,60,000 ரூபாய். மாத டியூ 28,333 ரூபாய். வங்கியின் 12 சதவீதம் குறையும் இருப்பின் மீதானது என்றால், அதே பத்து லட்சத்துக்கு அதே நான்கு ஆண்டில் மாத டியூ ஏறத்தாழ 26,334 ரூபாய்தான். மலிவாகத் தெரிந்த 9 சதவீதத்தில் மாதம் 2,000 ரூபாய் வீதம், கடன் முடிவதற்குள் 96,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக, நீங்கள் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். வங்கி முறைப்படி கணக்கிட்டால் அந்த 9 என்பது உண்மையில் 16 சதவீதத்தை ஒட்டியது.

இந்தக் கணக்கை நீங்களே போட வேண்டியதும் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் இத்தகைய தவணைக் கடன்களுக்கு, வங்கியானாலும் பைனான்ஸ் நிறுவனமானாலும், எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆவணக் கட்டணம், அவர்கள் வழியாகவே எடுக்கச் சொல்லும் இன்சூரன்ஸ் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் அந்த அறிக்கையை வாங்கி, அந்த ஒரே ஓர் எண்ணை ஒப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் தொகையும் தேதியும் எழுதாத இடங்களை 'பிறகு நிரப்பிக்கொள்கிறோம்' என்று சொன்னால், நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். நகல் ஒன்றையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், வட்டியை விடப் பெரிய கேள்வி வேறொன்று இருக்கிறது. டியூ எல்லா மாதமும் ஒரே தொகை. வாடகை அப்படி வருவதில்லை. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் பாவூர்சத்திரத்திலும் சுரண்டையிலும் லாரி கிடைக்காமல் வியாபாரிகள் அலைவதைப் பார்த்தே பலர் லாரி வாங்குகிறார்கள். அந்த மாத வாடகையை வைத்து டியூவை முடிவு செய்தவர், தென்மேற்குப் பருவமழையில் கேரளத்தில் வேலைகள் மந்தமாகும் ஜூன், ஜூலை மாதங்களில் தடுமாறுகிறார். ஆகவே நீங்கள் ஓட்டியதிலேயே மிக மோசமான மாதத்தை எடுத்துக்கொண்டு, அந்த மாதம் எத்தனை நடை போனீர்கள், அவற்றில் எத்தனை நடை ரிட்டன் லோடு இல்லாமல் காலியாகத் திரும்பினீர்கள் என்று எழுதிப் பாருங்கள். கேரள எல்லையை ஒட்டிய புளியரை எஸ் வளைவில் ஒரு லாரி பழுதாகி நின்றாலே அன்றைய நடை குலைந்துவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருமானத்திலிருந்து டீசல், டிரைவர் படி, டோல், புக்கிங் ஆபீஸ் கமிஷன் போக மிஞ்சுவது முழுவதும் டியூவுக்கு ஆகாது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த அட்டவணைப்படி, 12 டன்னுக்கு மேல் 20 டன் வரை மொத்த எடையுள்ள சரக்கு வாகனத்துக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வரி நீங்கலாக ஆண்டுக்கு 35,313 ரூபாய். நேஷனல் பெர்மிட்டுக்கு ஆண்டுக்கு 16,500 ரூபாய். இந்த இரண்டை மட்டும் மாதத்துக்குப் பிரித்தாலே 4,300 ரூபாயைத் தாண்டுகிறது. வாகனத்துக்கான சொந்தச் சேத இன்சூரன்ஸ், காலாண்டு வரி, டயர் ஆகியவை தனி. எட்டு ஆண்டு கடந்த லாரி என்றால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுப் புதுப்பிப்பு ஆண்டுதோறும் வரும், அதற்கு முன் பெயிண்ட், பாடி வேலை, பிரேக் வேலை என்று லாரி சில நாள் பட்டறையில் நிற்கும், அந்த நாட்களில் வாடகையும் இருக்காது. முதலாளியின் லாரியை ஓட்டும்போது இந்தச் செலவுகள் டிரைவரின் கண்ணுக்கு அவ்வளவாகப் படுவதில்லை.

இன்னொன்று, வாடகையில் ஒரு பகுதியை அட்வான்ஸாகத் தருபவர்கள், சரக்கு இறங்கியதற்குக் கையெழுத்தான ரசீதைக் கொண்டுவந்து கொடுத்த பிறகே பாக்கியைத் தருவார்கள். அதுவும் சொன்ன தேதியில் வரும் என்று எண்ணக் கூடாது. ஆகவே ஆறு லட்சத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். குறைந்தது மூன்று டியூவுக்கும் ஒரு ஜோடி டயருக்குமான பணத்தைத் தனியாக வங்கியில் வைத்துவிட்டு, மீதியில் எந்த லாரி வாங்க முடியுமோ அதை வாங்குங்கள். அது சற்றே பழைய லாரியாக இருந்தாலும் பரவாயில்லை. வாங்கும் முன் அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் பழைய கடன் பதிவு, நிலுவையிலுள்ள செலான், வரி, பெர்மிட் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு டியூ தவறியதற்காக என் அண்ணனின் லாரியை நாங்குநேரி டோல்கேட் பக்கம் நான்கு பேர் மறித்து, சாவியைப் பிடுங்கி ஓட்டிச் சென்றுவிட்டார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு அந்த உரிமை உண்டா? – வாசகர், வள்ளியூர்

பதில்: கடன் ஒப்பந்தத்தின் பேரில் வாகனத்தை மீட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, ஆள் வைத்து அடாவடியாகப் பறிக்கும் உரிமை கிடையாது. இதை உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எத்தனை நாள் நோட்டீஸ், எடுக்கும் முறை, விற்கும் முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு ஆகியவை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது பைனான்ஸ் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் நெறி. முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நிறுவனத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் எழுதி, நிலுவைக் கணக்கையும், கட்டினால் லாரியைத் திருப்பித் தருவதற்கான நிபந்தனையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. இதற்கிடையில், முடிந்தால் ஒரு டியூவையாவது வங்கி வழியாகக் கட்டிவிடுங்கள். ஏஜென்டு கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஒரே ஒரு லாரி வைத்திருப்பவன் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமா? – வாசகர், ஆலங்குளம்

பதில்: அடுத்த லாரிக்கு வங்கிக் கடன் வேண்டுமென்றால் செய்துவிடுங்கள். பத்து லாரிக்கு மேல் வைத்திராதவர்கள் செலவுக் கணக்குப் புத்தகம் இல்லாமலே உத்தேச வருமானம் காட்டலாம். மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட வாகனத்துக்கு மாதம் டன்னுக்கு 1,000 ரூபாய். அதற்குக் குறைந்த வாகனத்துக்கு மாதம் 7,500 ரூபாய். 18.5 டன் ஆறு சக்கர லாரிக்கு ஆண்டுக்கு 2,22,000 ரூபாய் ஆகிறது. வேறு வருமானம் இல்லையென்றால் இதற்கு வரியே வராது. தொடர்ந்து தாக்கல் செய்த கணக்கு கையில் இருந்தால், பிளாட் வட்டிக்காரரிடம் போகாமல் வங்கியிலேயே பேச முடியும்.