நஞ்சுக்கொடி வரை பிளாஸ்டிக்: என் மகளுக்கு என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு இது ஐந்தாம் மாதம். நஞ்சுக்கொடியிலேயே மைக்ரோபிளாஸ்டிக், அதாவது மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள், இருக்கிறதாம். செல்போனில் அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவளோ ஆபீஸில் தினமும் மூன்று முறை பேப்பர் கப்பில்தான் டீ குடிக்கிறாள். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா? இதை வெளியேற்ற மருந்து உண்டா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, செய்தி பொய்யில்லை. ஆனால் அரைகுறையாக உங்களிடம் வந்திருக்கிறது. நஞ்சுக்கொடியில் பிளாஸ்டிக் துகள்களைக் கண்டு முதலில் சொன்னது, 2021-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு. 6 நஞ்சுக்கொடிகளைச் சோதித்ததில் 4-ல் மொத்தம் 12 துகள்கள் கிடைத்தன. அந்த ஆறு பெண்களின் கர்ப்பமும் இயல்பாகத்தான் இருந்தது. பரவும் செய்திகளில் இந்த வரிதான் விடுபட்டுப்போகிறது. ஆறு பேரை வைத்து ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, சரி. ஆனால் தூக்கம் கெடும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை.

பெரியவர்கள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். 2024-ல் வந்த இன்னோர் இத்தாலிய ஆய்வில், கழுத்து ரத்தக்குழாயில் படிந்திருந்த கொழுப்பை அறுவை செய்து எடுத்த 257 பேரைச் சுமார் 34 மாதங்கள் கவனித்தார்கள். அந்தப் படிவில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் அலட்சியமாக விடக்கூடிய எண் இல்லை அது.

பரிசோதனை வேண்டாம். 2022-ல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. உங்களிடமும் என்னிடமும்கூட இருக்கலாம். எவ்வளவு இருந்தால் ஆபத்து என்று சொல்ல டாக்டர்களிடம் இன்னும் அளவுகோல் இல்லை. வெளியேற்றும் மருந்தும் இல்லை. ‘டீடாக்ஸ்’ என்று பொடியோ கஷாயமோ யாராவது விற்றால், தயவுசெய்து பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பேப்பர் கப் என்று எழுதியிருந்தீர்களே, கைவைக்க வேண்டிய இடம் அதுதான். டீ ஒழுகாமல் இருக்க அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். சூடான நீரை 100 மில்லி ஊற்றி 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐஐடியில் கண்டறிந்தார்கள். மூன்று டீக்கு 75,000. பிளாஸ்டிக்கும் சூடும் சேருகிற இடத்தையெல்லாம் இப்படித்தான் பார்க்க வேண்டும். மகளின் கைப்பையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் போட்டு அனுப்புங்கள். ஓட்டல் சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்கக் கவரில் கட்டித் தருவார்கள், அதற்குத் தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். மைக்ரோவேவில் சூடாக்குவதானால் கண்ணாடிக் கிண்ணம்.

அப்புறம், குழந்தை பிறந்த பிறகு. தாய்ப்பாலிலும் துகள்களைக் கண்டிருக்கிறார்கள். அதற்குப் பயந்து பாலை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், அதற்கு ஈடு எதுவும் கிடையாது. பால் பவுடர் தேவைப்பட்டால் அதை பிளாஸ்டிக் பாட்டிலில் சுடுநீர் ஊற்றிக் குலுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் லிட்டருக்கு 1.6 கோடி துகள்கள் வரை உதிரலாம் என்று 2020-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் எழுதினார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் சுடுநீர் விட்டுக் கலக்கி, ஆறிய பிறகு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றலாம். குழந்தைக்குப் பால் புகட்டும் பழைய பாலாடைக் கிண்ணம் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கொதிநீரில் போட்டெடுத்து அதிலேயே புகட்டலாம்.