தொண்டியிலிருந்து மலைக்கு ஒரே சாலை

கேள்வி: எங்கள் ஊர் தொண்டி. என் அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் தேய்ந்துவிட்டது. ஐம்பது அடி நடந்தாலே உட்கார இடம் தேடுவார். படி ஏறுவது முடியவே முடியாது. கரையில் மீன் பிரித்து, கருவாடு காயவைத்து எங்களை வளர்த்தவர். "கண்ணு நல்லா இருக்கும்போதே ஒரு தடவை மலையப் பாத்துடணும்டி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். என் வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவருக்கு ஓய்வு. பழைய கார் ஒன்று இருக்கிறது, ஆனால் அவருக்கு மலையில் ஓட்டிப் பழக்கமில்லை. கொடைக்கானலா, மூணாறா? அம்மா நடக்காமல் எதையெல்லாம் பார்க்க முடியும்?

பதில்: அன்புத் தங்கச்சி, மூணாறுக்குப் போங்கள். போடிமெட்டு வழியாகப் போங்கள். மூணாறு ஊருக்காக இதைச் சொல்லவில்லை, அந்த ஊருக்குப் போகிற சாலைக்காகச் சொல்கிறேன். கொடைக்கானலில் பேர் பெற்ற இடங்கள் பலவற்றை டிக்கெட் வாங்கி, கடைகளைத் தாண்டி, கொஞ்சம் நடந்துதான் பார்க்க வேண்டும். போடிமெட்டுச் சாலையில் கார் கண்ணாடியை இறக்கினாலே மலை தெரியும். ஐம்பது அடி நடக்க முடியாதவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொரு விஷயம். உங்கள் தொண்டியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 85, கொச்சியிலிருந்து வருகிற சாலை. திருவாடானை, காளையார்கோவில், சிவகங்கை, மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, போடி, அப்புறம் மலையேறிப் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. மொத்தம் 300 கிலோமீட்டருக்குக் குறைவு. அம்மா இத்தனை வருஷம் குடியிருந்ததே மலைக்குப் போகிற சாலையின் ஒரு நுனியில்தான். இதை அவரிடம் கிளம்பும்போதே சொல்லுங்கள்.

முதலில் எப்போது போவது என்று பார்ப்போம். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதில் மே மாதம் பள்ளி விடுமுறைக் கூட்டம். மூணாறு பக்கம் வண்டிகள் நகராமல் நிற்கும், சாலையோரம் நிறுத்த இடம் கிடைக்காது. நடக்க முடியாதவருக்குக் கூட்டத்தைவிடக் கஷ்டம் வேறில்லை, ஏனென்றால் காரை எங்கோ நிறுத்திவிட்டு நடக்கச் சொல்லும். ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் பருவமழை இறங்கிவிடும், அந்த மலையில் மண்சரிவு வழக்கம். ஆக, படகு கரையேறிய கையோடு, ஏப்ரல் இரண்டாம் பாதியில், திங்கள் முதல் வியாழனுக்குள் வருகிற மாதிரி கிளம்புங்கள். அந்த நேரத்தில் அருவிகளில் தண்ணீர் குறைவு. அதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஜனவரியில் போனால் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் மூணாறில் புல்மேல் உறைபனி படிகிற குளிர் அது. கடற்கரையிலேயே இருந்து பழகிய மூட்டுகளுக்கு ஏப்ரல் எவ்வளவோ மேல்.

ஒரே நாளில் போய்ச் சேர நினைக்காதீர்கள். காலையில் நிதானமாகக் கிளம்பி, மதுரையில் சாப்பிட்டு, மதியத்துக்கு மேல் தேனிக்கோ போடிக்கோ போய்த் தங்கிவிடுங்கள். இரண்டு காரணம். கோடையில் மலையில் மதியத்துக்கு மேல் இடி மழை பிடிக்கும், மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிடும். காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கினால் கிழக்கு வெயில் நேராக மலைமேல் விழும், மடிப்பு மடிப்பாகத் தெரியும். இரண்டாவது, அம்மா மலையை முதன்முதலில் அடிவாரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டி கணவாய் வரும்போது அவரை முன் சீட்டுக்கு மாற்றுங்கள். அங்கே இரண்டு பக்கமும் குன்றுகள் சாலையை நெருங்கி வரும். தேனியை நெருங்க நெருங்க மேற்கே ஒரு நீலச் சுவர் எழும். மாலையில் சூரியன் அதற்குப் பின்னால் போகும். உங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து ஏறுவதைத்தானே பார்த்திருக்கிறார், அது மலைக்குப் பின்னால் மறைவதை இங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கட்டும். அதற்காகவே மேற்குப் பார்த்த அறையாகக் கேளுங்கள்.

மறுநாள் காலை முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். தமிழ்நாட்டுப் பக்கம் 17 கொண்டை ஊசி வளைவுகள், சாலை குறுகல். இங்கே நிறுத்தும் இடத்தைப் பற்றி ஒரே விதிதான்: வளைவில் நிறுத்தவே கூடாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இரண்டு வளைவுகளுக்கு நடுவே, நேரான இடத்தில், வண்டி முழுசாகச் சாலையை விட்டு இறங்கி நிற்கிற அளவுக்கு ஓரம் அகலமாக இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். அப்படிப்பட்ட இடங்கள் மேலே போகப் போகக் கிடைக்கும். கீழே போடி ஊரும் தென்னந்தோப்புகளும் தீப்பெட்டி அடுக்கினது மாதிரி சின்னதாகிக்கொண்டே போகும். ஏறும்போது எந்தப் பக்கம் பள்ளம் என்பது வளைவுக்கு வளைவு மாறும், அதனால் அம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பாதி நேரம் அவர் பக்கம்தான் காட்சி. அவருக்குப் பயமாக இருந்தால் மலைப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புலியூத்துப் பகுதியில் மழைக்காலமாக இருந்தால் சாலையோரமே தண்ணீர் இறங்கும். ஏப்ரலில் பாறை மட்டும்தான் தெரியும், நிற்க வேண்டாம்.

போடிமெட்டில் எல்லை. டீ குடியுங்கள், காற்று மாறியிருப்பது அங்கேயே தெரியும். அதற்கு மேல் கேரளப் பக்கம் சாலையை நன்றாக அகலப்படுத்தியிருக்கிறார்கள், உங்கள் வீட்டுக்காரர் அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். பூப்பாறை வரைக்கும் இரண்டு பக்கமும் மரநிழலில் ஏலக்காய்த் தோட்டம். மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். ஏலக்காய் எங்கே காய்க்கிறது என்று அம்மாவிடம் கேட்டால் செடியின் உச்சியைத்தான் காட்டுவார், நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைத்திருக்கிறோம். ஆள் உயரத்துக்கு மேல் இலை வளர்ந்திருக்கும், ஆனால் பூவும் காயும் அடித்தூரிலிருந்து கிளம்பும் சரங்களில், தரையை ஒட்டி இருக்கும். வெள்ளைப் பூ, நடுவில் ஊதாக் கோடுகள். சாலையோரச் செடி ஒன்றுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினால் கதவைத் திறந்து உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். தோட்டத்துக்குள் கை வைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பூப்பாறையிலிருந்து தேயிலை தொடங்கும். ஆனையிறங்கல் அணையின் நீர்த்தேக்கம் சாலையிலிருந்தே கீழே தெரியும், சுற்றிலும் தேயிலைச் சரிவு. கோடையில் தண்ணீர் வற்றியிருந்தாலும் பார்க்க வேண்டிய இடம். யானைகள் நடமாடும் பகுதி அது. தூரத்தில் தென்பட்டால் வண்டிக்குள்ளிருந்தே பாருங்கள், கிட்டே போய்ப் படம் எடுக்கும் வேலையே வேண்டாம். இருட்டுவதற்கு முன் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். அடுத்து பெரியகானல் அருவி, சாலையை ஒட்டியே விழுகிறது. இதற்கு ஒரு நிமிஷம் போதும்.

நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டியது தேவிகுளத்துக்கு முன்னால் வரும் கேப் ரோடு. லாக்ஹார்ட் கணவாய் என்பார்கள். மலையைக் குடைந்து போட்ட சாலை. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் வரிசை வரிசையாக மலைகள். அம்மாவை இறக்கிவிட்டு, நீங்கள் கொண்டுபோகும் மடக்கு நாற்காலியைச் சாலை ஓரத்தில் பாதுகாப்பான இடமாகப் பார்த்துப் போட்டு, அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அந்த நாற்காலியை மறந்துவிடாதீர்கள், இந்தப் பயணத்துக்கு அதைவிட முக்கியமான சாமான் இல்லை. மலையில் உட்கார இடம் இருக்கும் என்று நம்பிப் போனால் ஈரப் பாறைதான் கிடைக்கும்.

அங்கே அடிக்கிற மேல்காற்று அவருக்குத் தெரிந்த காற்றுதான். கரையில் கச்சான் என்று சொல்வீர்கள். ஜூன், ஜூலையில் தொண்டியில் மணலை வாரி அடித்துவிட்டு மழை மட்டும் தராமல் போகிறதே, அதற்கு இந்த மலைத்தொடர்தான் காரணம். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரத்தையெல்லாம் மலையின் மேற்குச் சரிவு வாங்கிக்கொண்டு, காய்ந்த காற்றைத்தான் நம் பக்கம் அனுப்புகிறது. கணவாயில் மேகம் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அவருக்கு நாம் விளக்கவே வேண்டாம். வானத்தைப் பார்த்து வலை காயவைத்த வீட்டுப் பெண் அவர்.

இன்னொரு காட்சியையும் சொல்கிறேன். தேயிலைச் சரிவில் பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, பை கோத்த கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருப்பார்கள். சாலைக்குப் பக்கத்திலேயே வேலை நடக்கும். மூணாறுத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பலர் தலைமுறைகளாகத் தமிழ் பேசுகிறவர்கள். வேலை ஓய்கிற நேரமாகப் பார்த்து அம்மா நாலு வார்த்தை பேசட்டும். வெயிலில் நின்று கையால் பிழைத்த ஒருவருக்கு, அப்படிப் பிழைக்கிற இன்னொருவரிடம் கேட்க நிறைய இருக்கும். எனக்கு இது எந்த வியூ பாயிண்டையும்விடப் பெரிதாகப் படுகிறது.

மூணாறில் ஒரு இரவு போதும், இரண்டு இருந்தால் நிம்மதி. மறுநாள் மாட்டுப்பெட்டி வரை போய் வாருங்கள். அணைமேலேயே வண்டி போகும், நீர்த்தேக்கம் சாலையோரமே வரும். இரவிகுளத்தில் வனத்துறை பஸ் விடும் இடத்திலிருந்து ஏற்றத்தில் நடக்க வேண்டும், டாப் ஸ்டேஷனில் காட்சிமுனைக்கு இறங்கி ஏற வேண்டும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

தங்கும் இடம் பிடிக்கும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "காரிலிருந்து இறங்கி அறைக்குள் போக எத்தனை படி?" தரைத்தளமா என்று கேட்காதீர்கள். மலைச்சரிவில் கட்டிய கட்டடத்தில் தரைத்தளம் சாலையிலிருந்து இருபது படி கீழே இருக்கலாம், அவர்கள் சொன்னதும் பொய்யாகாது. வெஸ்டர்ன் கழிப்பறை, வெந்நீர், ஜன்னலுக்கு எதிரே சுவர் இல்லாமல் மலை, இவ்வளவையும் போனிலேயே உறுதி செய்யுங்கள், முடிந்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். முழங்கால் வலிக்கிற நாளில் அம்மா அறையை விட்டு வெளியே வர மாட்டார். அன்றைக்கு அந்த ஜன்னல்தான் அவருக்குச் சுற்றுலா. மலை ஏறும் முன் போடியிலேயே கழிப்பறை போய்விட்டு வரச் சொல்லுங்கள். வழியில் சுத்தமான இடம் தேடி அலைவதைவிட ஒரு டீக்கடையில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே கேட்பது நல்லது. தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிற பழக்கம் நம் அம்மாக்களுக்கு உண்டு, அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். காது அடைத்தால் எச்சில் விழுங்கினாலோ புளிப்பு மிட்டாய் சப்பினாலோ திறந்துகொள்ளும். குமட்டல் மாத்திரை தூக்கம் வரவைக்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு. கடலில் அலை பார்த்து இன்ஜினைக் கையாளத் தெரிந்தவருக்கு மலை ஓட்டம் பிடிபடாமல் போகாது, ஆனால் பழக்கத்தை மாற்ற வேண்டும். கிளம்பும் முன் பிரேக் கட்டை, ஆயில், ரேடியேட்டர், டயர் எல்லாம் மெக்கானிக் பார்க்கட்டும். எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகிப் பிடிப்பு போய்விடும். கருகின வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும், அது சட்டம். வளைவுக்கு முன் ஹாரன். எதிரே பஸ் தெரிந்தால் வளைவுக்கு வெளியிலேயே நின்று அதைத் திரும்ப விட்டுவிட்டுப் போகட்டும், பஸ்ஸுக்கு முழு அகலமும் தேவை. பின்னால் வருகிறவன் அவசரப்படுத்தினால் ஒதுங்கி வழிவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கொடைக்கானல்தான் என்று முடிவெடுத்த மற்ற வாசகர்களுக்கும் சில இடங்கள் சொல்கிறேன். வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது டம்டம் பாறை, அங்கிருந்து 975 அடி எலிவால் அருவி தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். ஊருக்குச் சற்று முன்னால் சாலையோரம் வெள்ளி நீர்வீழ்ச்சி, ஏரியின் உபரி நீர்தான் அது, குளிக்க வேண்டாம். 1863-ல் உருவாக்கிய ஏரியைக் காரிலேயே சுற்றலாம். பூம்பாறைக்குப் போகும் வழியில் அந்தக் கிராமத்தின் வீடுகளும் படிக்கட்டு வயல்களும் மேலிருந்து, சாலையிலிருந்தே தெரியும். கொடைக்கானலில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், இணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம்.

உங்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. சொந்தக் கார் என்பதால் கேரள எல்லையில் பெர்மிட்டும் வேண்டாம். வாடகைக் கார் எடுத்தால் மட்டும் பெர்மிட் செலவு யாருடையது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் கையில் இருக்கட்டும். திரும்பும் நாளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் இறங்கத் தொடங்குங்கள். போடிமெட்டு வளைவுகளை மழைக்கு முன் தாண்டிவிடலாம்.