சிறகுப் பையனுக்காகக் கலங்கிய கண்

கேள்வி: ஐயா, எக்ஸ்-மென் மூன்றாம் பாகத்தைக் கல்லூரியில் படிக்கும் மகனோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். முதுகில் சிறகு முளைத்த பையனைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. படம் முடிந்ததும் மகன், "இது தன்பாலீர்ப்பு உள்ளவங்களப் பத்தின கதைதாம்ப்பா" என்கிறான். சின்னப் பிள்ளைகளும் பார்க்கிற மாயாஜாலப் படத்துக்குள் இதை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? நம்ம திருநெல்வேலிச் சீமையில் இதெல்லாம் கிடையாது. இது மேல்நாட்டுச் சரக்குதானே?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் மகன் சொன்னது சரி. பிறவியிலேயே விசித்திர சக்தியோடு பிறந்தவர்களை ஊர் வெறுத்து ஒதுக்குகிற கதைதான் எக்ஸ்-மென். யாரும் எதையும் ஒளித்து வைக்கவும் இல்லை. அதில் மேக்னீட்டோ என்ற பாத்திரமாக வரும் நடிகர் இயன் மெக்கெல்லன், தான் தன்பாலீர்ப்பாளர் என்று 1988-லேயே பிபிசி வானொலியில் சொன்னவர். தன்னைப் போன்றவர்கள் படும் பாட்டை இந்தக் கதை சொல்கிறது என்பதால்தான் நடிக்க ஒப்புக்கொண்டதாகவும் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கலங்கிய இடம், ஆரம்பத்தில் வரும் குளியலறைக் காட்சியாகத்தான் இருக்கும். பையன் கதவைப் பூட்டிக்கொண்டு, முளைத்து வரும் சிறகைத் தானே அறுத்துக்கொண்டிருக்கிறான். வெளியே அப்பா கதவைத் தட்டுகிறார். தரையெல்லாம் ரத்தம், இறகு. கதவு திறந்ததும் அந்த அப்பாவின் முகம் இடிந்துபோகிறது. மகனுக்கு வலிக்குமே என்பதைவிட, என் மகனுக்கா இப்படி என்பதுதான் அந்த முகத்தில் தெரிகிறது. அப்புறம் அவர் பிள்ளையை அடிக்கவில்லை, வீட்டை விட்டுத் துரத்தவும் இல்லை. தன் கம்பெனியில் கோடி கோடியாகக் கொட்டி, இப்படிப் பிறந்தவர்களை 'குணப்படுத்த' ஒரு ஊசி மருந்தைக் கண்டுபிடிக்கிறார். மருந்து தயாரானதும் முதலில் மகனைத்தான் கூட்டி வருகிறார். மகனோ கடைசி நிமிடத்தில் கட்டை உடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பறந்துவிடுகிறான்.

அந்த அப்பா கெட்டவர் இல்லை. நம்மூரில் நான் பார்க்கிற பெற்றோரும் கெட்டவர்கள் இல்லை. முதலில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். அப்புறம் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். எதற்கும் அசையவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது, "ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிரும்." இந்த ஒரு வாக்கியம் கெடுத்த குடும்பங்களை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்தக் கால்கட்டு ஒரு பெண். நகை போட்டு, சீர் செய்து, நல்ல இடம் என்று நம்பி அனுப்பிய வீட்டில், தன்னிடம் என்ன குறை என்று புரியாமலே ராத்திரியெல்லாம் அழுகிறவள் அவள். அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? "இன்னும் விசேஷம் இல்லையா" என்று மாமியார் கேட்கும்போது அவள் என்ன பதில் சொல்வாள்? மகனைத் திருத்துகிறேன் என்று இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையையும் சேர்த்து அழிப்பதற்குப் பெயர் பாசம் இல்லை.

நம்ம சீமையில் கிடையாது என்கிறீர்கள். இங்கே இருந்தால் உயிரும் மானமும் தங்காது என்று பயந்தவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய்விடுகிறார்கள். போக முடியாதவர்கள் வாயைத் திறப்பதில்லை. கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. மேல்நாட்டுச் சரக்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது 377-ஆம் பிரிவுதான். 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் இருந்தது அது. வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வதை அதன்கீழ் குற்றமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நீங்கள் அம்பாசமுத்திரத்துக்காரர். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகாமலா இருந்திருப்பீர்கள்? அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கையாகச் செருப்பைக் கட்டுகிறோமே, ஏன்? பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன்தான் அந்தப் பட்டவராயன். அவன் சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டான். அவர்கள் அப்பன் சொன்னபடி பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டு கட்டிக்கொண்டான். கூடப் பிறந்த அண்ணன்மாரே அவனை அடைத்துப் போட்டுப் பார்த்தார்கள். வில்லுப்பாட்டில் அந்த இடம் வரும்போது பந்தலில் அழாத பெண்கள் உண்டா? ஆனால் அதே ஜனம், வீட்டுப் பிள்ளை சாதி மாறிக் காதலித்தால் அரிவாளைத் தேடுகிறது. பந்தலில் விட்ட கண்ணீர் வீட்டு வாசல்வரைகூட வருவதில்லை. நீங்கள் டிவி முன்னால் விட்ட கண்ணீருக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இந்தப் படத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதில் வருகிறவர்கள் நெருப்பை ஏவுகிறார்கள், பாலத்தையே பெயர்த்து நகர்த்துகிறார்கள். அவர்களைக் கண்டு ஊர் பயப்படுவதில் கொஞ்சமாவது நியாயம் இருக்கிறது. நிஜத்தில் ஒரு பையன் இன்னொரு பையனை நேசிப்பதால் பக்கத்து வீட்டு ஓடுகூட உடையாது. உருவகம் இங்கே உண்மையைவிட ஒரு படி கீழேதான் நிற்கிறது. நம் வெறுப்புக்கு அந்தக் கொஞ்ச நியாயமும் கிடையாது.

மருந்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தன்பாலீர்ப்பு என்பதை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே எடுத்துவிட்டது. மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம், தன்பாலீர்ப்பை மாற்றுகிறோம் என்று செய்யும் 'மாற்றும் சிகிச்சை'க்குத் தடை போட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதி அப்படி உட்கார்ந்தார் என்றால் நீங்களும் நானும் தாராளமாக உட்காரலாம்.

கடைசியாக உங்கள் மகன். படம் பார்த்த விவரத்தைச் சொன்னானா, தன் சேக்காளி யாரையாவது மனதில் வைத்துச் சொன்னானா, தன்னைப் பற்றியே சொன்னானா, எனக்குத் தெரியாது. நீங்களும் துருவிக் கேட்க வேண்டாம். 2003-இல் வந்த இரண்டாம் பாகத்தையும் அவனோடு உட்கார்ந்து பாருங்கள். அதில் பாபி என்ற பையன், தானும் அப்படிச் சக்தியோடு பிறந்தவன் என்ற உண்மையை வீட்டாரிடம் சொல்கிறான். "இப்படி இல்லாம இருக்க முயற்சி பண்ணிப் பாத்தியா?" என்று அவன் அம்மா கேட்கிறாள். தம்பி மாடிக்குப் போய்ப் போலீசுக்குப் போன் போடுகிறான். அந்தக் காட்சி வரும்போது, "அந்தம்மா அப்படிக் கேட்டிருக்கப்படாதுல்லா" என்று உங்கள் மகன் காதில் விழும்படி சொல்லுங்கள்.