புட்ச் கேசிடியின் சாவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ரயில் கொள்ளையன் புட்ச் கேசிடி பற்றிய உங்கள் கட்டுரையில், '1908 நவம்பரில் பொலிவியாவில் சிப்பாய்களால் சுட்டுக்கொல்லப்பட்டார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் 1925இல் ஊர் திரும்பி, வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாகத் தங்கையே எழுதியிருக்கிறாரே. கூடப்பிறந்தவர் பொய் சொல்வாரா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

அந்த வரியை நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. நடந்ததைச் சொல்கிறேன்.

1908 நவம்பர் 4. தெற்கு பொலிவியாவில் அரமாயோ சுரங்கக் கம்பெனியின் சம்பளப் பணத்தோடு கார்லோஸ் பெரோ என்பவர் மகனையும் ஒரு வேலையாளையும் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் போகிறார். இரண்டு வெள்ளைக்காரர்கள் வழிமறிக்கிறார்கள். சுமார் 15,000 பொலிவியானோ பறிபோகிறது, கூடவே ஒரு கோவேறு கழுதையும். இந்தக் கழுதைதான் காட்டிக்கொடுத்தது. இரண்டு நாள் கழித்து சான் விசென்டே என்ற மலையூரில் இருவர் வந்து ராத்தங்க இடம் கேட்கிறார்கள். கழுதையின் உடம்பில் அரமாயோ கம்பெனியின் சூட்டுக்குறி. சிப்பாய்கள் அந்த வீட்டை நெருங்கியதும் உள்ளேயிருந்து குண்டு பாய்கிறது, ஒரு சிப்பாய் சாகிறார். விடிந்து பார்த்தால் அறைக்குள் இரண்டு பிணங்கள். ஒருவருக்கு நெற்றியில் குண்டு, இன்னொருவருக்குப் பொட்டில். ஒருவர் கூட்டாளியைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள்.

பெரோ பிணங்களைப் பார்த்து, தன்னை வழிமறித்தவர்கள் இவர்கள்தான் என்று அடையாளம் காட்டினார். அவ்வளவுதான். அவர்கள் யார், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. புட்ச், அவருடைய கூட்டாளி சன்டான்ஸ் கிட் என்ற பெயர்களைச் சொன்னவர் பெர்சி சீபர்ட், இருவரும் வேலை பார்த்த கன்கார்டியா சுரங்கத்தின் அமெரிக்கர். நன்றாகப் பழகியவர்தான், ஆனால் பிணங்களைப் பார்த்தவர் அல்ல. இந்த இடைவெளியை நான் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். 1991இல் எலும்புகளை வைத்து ஆளை அடையாளம் காணும் நிபுணர் கிளைட் ஸ்னோவின் குழுவினர் அந்த ஊர்க் கல்லறையைத் தோண்டியும் பலனில்லை. கிடைத்த எலும்பு ஒரு ஜெர்மானியருடையது என்று ஆகிவிட்டது.

ரயில் கொள்ளைகளிலும் இதே சிக்கல் உண்டு. 1899 ஜூனில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் வில்காக்ஸ் அருகே யூனியன் பசிபிக் ரயிலை மறித்தவர்கள் முகமூடி போட்டிருந்தார்கள். புட்ச் அங்கே இருந்தாரா, திட்டம் மட்டும் போட்டுக்கொடுத்தாரா என்று இன்னும் வாதாடுகிறார்கள்.

சரி, தங்கை லூலா. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பிறந்தது 1884இல். 18 வயது அண்ணன் யூட்டாவில் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் அதே வருடம்தான். கைக்குழந்தைக்கு அண்ணன் முகம் எப்படி நினைவிருக்கும்? வந்தவர் யாரென்று அப்பா சொல்லித்தான் தெரிந்ததாக அவரே எழுதுகிறார். தான் செய்த புளூபெர்ரி பழப் பணியாரத்தை (pie) வந்தவர் சாப்பிட்டதுகூட அதில் இருக்கிறது. அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கும் நம்பிவிட ஆசையாக இருக்கும். ஆனால் புத்தகம் வந்தது 1975இல், 50 வருடம் கழித்து.

சான் விசென்டேயில் இறந்தவர் புட்ச்தான் என்றே நான் இன்னும் நினைக்கிறேன். கொள்ளை நடந்த இடம், ஆட்களின் ஜோடி, அதற்குப் பிறகான மௌனம் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகிறது. ஆனால் அது என் ஊகம். அந்த வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: '1908 நவம்பரில் சான் விசென்டேயில் இறந்த இருவரில் ஒருவர் இவர் என்று பலர் கருதுகிறார்கள், குடும்பத்தார் மறுத்தார்கள்.'