சின்ன ரப்பர் படகுக்கு இரும்பு ஃப்ரேம் தேவையா?

காட்பாடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஒன்பது அடி நீளத்தில் காற்றடிக்கும் பி.வி.சி. படகு வாங்கியிருக்கிறேன். 200 கிலோ தாங்கும் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. தம்பியோடு காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தூண்டில் போடப் போகலாம் என்று ஆசை. ஐஸ் பெட்டி, மோட்டார் பேட்டரி, மற்ற சாமான்கள் வைக்க இரும்புப் பைப்பில் ஃப்ரேம் அடித்துத் தருவதாக வெல்டிங் பட்டறையில் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

இரும்பில் வேண்டாம். உங்கள் படகுக்கு ஃப்ரேமே தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

ஃப்ரேம் வந்தது ஆற்றில் விடும் பெரிய காற்றுப் படகுகளுக்காக. ஒருவரே நடுவில் உட்கார்ந்து இரண்டு நீளத் துடுப்புகளை வலிக்கும்போது, அந்த விசையைத் தாங்க அசையாத ஒரு பிடிமானம் வேண்டும். காற்று டியூப் வளைந்து கொடுத்துவிடும். பெட்டிகளின் பாரம் அடித்தரையில் இறங்காமல் பக்கத்து டியூப்களில் பரவவும் ஃப்ரேம் உதவும். எல்லோரும் கைத்துடுப்பு போடும் சுற்றுலாப் படகுகளில் பெரும்பாலும் ஃப்ரேம் இருக்காது. நீங்கள் போவது ஏரிக்கு, மோட்டாரோ பின்பலகையில். உங்களுக்கு வேண்டியதெல்லாம் சாமான் உருளக்கூடாது, கூர்மையான பாரம் தரையை அழுத்தக்கூடாது, அவ்வளவுதான்.

எடையைப் பாருங்கள். இரண்டு பேர் 140 கிலோ. ஐஸ் பெட்டி, பேட்டரி, பை எல்லாம் சேர்ந்து எப்படியும் 40 கிலோ. இப்போதே 180. அச்சிட்ட அளவில் ஐந்தில் ஒரு பங்கையாவது மிச்சம் விடுவது என் வழக்கம், அந்தக் கணக்கில் ஏற்கெனவே 20 கிலோ அதிகம். ஒரு அங்குல ஜி.ஐ. பைப் மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் வரும். ஐந்து மீட்டர் போட்டால் பத்து கிலோவைத் தாண்டும். போதாததற்கு வெல்டிங் பிசிறு ஒன்று போதும், டியூப் கிழிய. ஃப்ரேமுக்குக் கொடுக்கும் பணத்தை லித்தியம் பேட்டரிக்குப் போடுங்கள், எடை பாதிகூட வராது.

மாற்று என்ன? 12 மி.மீ. மரைன் ப்ளைவுட்டைத் தரை அளவுக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, முனைகளை உருட்டி, தோட்டத்து ஹோஸை நடுவில் கீறி ஓரத்தில் மாட்டிவிடுங்கள். பேட்டரியை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அந்தப் பலகைமேல் கட்டுங்கள். பாரம் தாழ்வாக இருக்கும். ஃப்ரேமில் ஏற்றினால் உயரத்தில் இருக்கும், ஆடிக் காற்றில் ஏரி அலையடிக்கும்போது அந்த உயரம் படகைக் கவிழ்த்துவிடக்கூடும்.

குறுக்கே ஏதாவது வேண்டும் என்றால் முற்றிய மூங்கில் இரண்டு போதும், சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டுங்கள். ஒகேனக்கல் பரிசலின் எலும்புக்கூடே மூங்கில்தானே! பிறகு நீளத் துடுப்பு போடும் எண்ணம் வந்தால் மட்டும் அலுமினியம் பாருங்கள். 25 மி.மீ. குழாய், 2 மி.மீ. தடிமன், மீட்டருக்கு 400 கிராம்தான். வெல்டிங் வேண்டாம், கிளாம்ப் போட்டு இணையுங்கள். குழாய் முனைகளுக்கு மூடி கட்டாயம்.

எதைக் கட்டினாலும் தவறு நடப்பது கட்டும் இடத்தில்தான். சாமான் கட்ட டியூப்பில் டி-வளையம் (D வடிவ வளையம்) இருக்கும்; அதைப் பிடித்திருக்கும் ஒட்டுத் துண்டு ஸ்டிக்கர் மாதிரி: பக்கவாட்டில் இழுத்தால் அசையாது, ஓரத்தைத் தூக்கி இழுத்தால் உரிந்து வந்துவிடும். எனக்கு ஒரு முறை நடு ஏரியில் அப்படி உரிந்தது, பெட்டியோடு தூண்டில் சாமான் அத்தனையும் தண்ணீருக்குள் போனது. அதனால் சாமானைக் கட்டும் பட்டி (பெல்ட்) டியூப்பின் மேற்பரப்பை ஒட்டியே இழுக்கட்டும். லாரிக்காரர்கள் போடும் ராட்செட் பெல்ட் வேண்டாம், கையால் இறுக்கும் பக்கிள் பட்டி போதும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். கரையில் 40 டிகிரியில் காற்றடித்துத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும், பட்டி தளரும். பத்து நிமிடம் கழித்துக் காற்றையும் பட்டியையும் சரிபாருங்கள். திரும்பக் கரையேறியதும் இதற்கு நேர்மாறு: முதல் வேலையாகப் பட்டியைத் தளர்த்திக் கொஞ்சம் காற்றை இறக்குங்கள். பட்டி இறுக்கிய நிலையில் வெயிலில் கிடந்தால் ஒட்டுப் பிரியும்.

இறக்குவதற்கு முன் நீர்வளத்துறையிலும் மீன் குத்தகைதாரரிடமும் கேட்டுவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் இரண்டும் உடம்பில் இருக்கட்டும், சாமானோடு கட்டி வைக்காதீர்கள்.