அமெரிக்க அரசியலமைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அதிபர் ஓர் ஆணை பிறப்பித்து, அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை நீக்கிவிட முடியுமா?

முடியாது. ஒரு திருத்தத்தை இன்னொரு திருத்தத்தால்தான் நீக்க முடியும். மதுவிலக்கைக் கொண்டுவந்த 18ஆம் திருத்தம் 1933இல் 21ஆம் திருத்தத்தால் அப்படித்தான் நீங்கியது. வழக்கமான முறையில் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பிறகு 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். இதில் அதிபரின் கையெழுத்துக்குக்கூட இடமில்லை. 1789இல் முன்மொழியப்பட்ட 27ஆம் திருத்தம் 1992இல்தான் நிறைவேறியது. ஏறத்தாழ 200 ஆண்டுகள்!

கேள்வி: முகநூலில் அரசியல் கருத்து எழுதியதற்காக நிறுவனம் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. பேச்சுரிமை பறிபோனதென்று முதல் திருத்தத்தின்கீழ் வழக்குத் தொடரலாமா?

இந்தக் கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் ஒருவராவது அந்தத் திருத்தத்தைப் படித்திருப்பதாகத் தெரியவில்லை. மொத்தமே சுமார் 45 சொற்கள்தான். இன்னின்ன வகைச் சட்டங்களைக் காங்கிரஸ் இயற்றலாகாது என்றுதான் அது தொடங்குகிறது. தடை அரசுக்குத்தான்; 14ஆம் திருத்தத்தின் வழியாக அது மாநில அரசுகளுக்கும் நீண்டது. உங்கள் முதலாளியையோ, பதிவை நீக்கிய சமூக ஊடக நிறுவனத்தையோ அது கட்டுப்படுத்தாது. எனவே உரிமை பறிபோனது என்று கொதிக்கும் முன், பறித்தது யார், அரசா தனியாரா, அரசென்றால் எந்த அரசு என்று பாருங்கள். நீங்கள் அரசு ஊழியராக இருந்து, பொதுப் பிரச்சினை ஒன்றைப் பற்றிக் குடிமகனாகக் கருத்துச் சொல்லியிருந்தால் கதை வேறு. 1968 முதல் அதற்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் உண்டு. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்துவந்த அயோவா மாணவர்களின் பக்கம் 1969இல் உச்ச நீதிமன்றம் நின்றது. தனியார் ஊழியரான உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது மாநிலத் தொழிலாளர் சட்டம். கலிஃபோர்னியாவில் ஊழியரின் அரசியல் செயல்பாடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது; பல மாநிலங்களில் இல்லை. நீங்களோ மாநிலத்தின் பெயரையே எழுதவில்லை. தனியாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும் திருத்தம் ஒன்று உண்டு: அடிமை முறையை ஒழித்த 13ஆம் திருத்தம். அதை யாரும் கேட்பதில்லை.

கேள்வி: கமலா ஹாரிஸின் பெற்றோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டது எப்படி?

அவர் 1964இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர், பிறப்பாலேயே குடிமகள். அவருடைய தாயார் சென்னையில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமையாக இருக்கலாம், தகுதியை அது பாதிக்காது. பிற்காலத்தில் குடியுரிமை பெற்றவருக்குத்தான் தடை. ஆஸ்திரியாவில் பிறந்த அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் கலிஃபோர்னியாவின் ஆளுநரானார், ஆனால் அதிபராக முடியாது.

கேள்வி: போலீஸார் என் நண்பரிடம் உரிமைகளைப் படித்துக் காட்டவில்லை. வழக்கு தள்ளுபடி ஆகிவிடும் அல்லவா?

கைது செய்தார்களா, விசாரித்தார்களா, நண்பர் ஏதேனும் சொன்னாரா என்று ஒன்றுமே எழுதாமல் தீர்ப்பை மட்டும் கேட்கிறீர்கள். மௌனம் காக்கலாம், வழக்கறிஞரைக் கேட்கலாம் என்ற உரிமைகளைச் சொல்லும் ‘மிராண்டா எச்சரிக்கை’, காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் கட்டாயம். அதைத் தராமல் பெற்ற வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கும் நேரடிச் சாட்சியமாக வைக்க முடியாதே தவிர, மற்றச் சாட்சியங்களை வைத்து வழக்கு நடக்கும். இன்னொன்று: வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. “நான் பேச விரும்பவில்லை, வழக்கறிஞர் வேண்டும்” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மௌன உரிமையை வெளிப்படையாகக் கோர வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

கேள்வி: கொலைக் குற்றத்துக்கு மாநில நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு அதிபர் மன்னிப்பு வழங்கலாமா?

மறுபடியும் அதே எச்சரிக்கை: எந்த அரசு என்று முதலில் பாருங்கள். அதிபரின் மன்னிப்பு ஃபெடரல் குற்றங்களுக்கு, அதாவது மத்திய அரசின் சட்டங்களை மீறிய குற்றங்களுக்கு, மட்டுமே. மாநிலக் குற்றமென்றால் அந்த மாநிலத்தின் சட்டப்படி ஆளுநரையோ மன்னிப்பு வாரியத்தையோ அணுக வேண்டும். ஜார்ஜியாவில் ஆளுநருக்கே அந்த அதிகாரம் கிடையாது, வாரியத்துக்குத்தான் மனு எழுத வேண்டும்.