கேள்வி-பதில்: ஃபேர்லேடி இசட் யார் பெற்ற பிள்ளை?

கே: டாட்சன் 240 இசட் காரை வரைந்தது ஜப்பான்காரர்களே இல்லை, ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ் என்ற ஜெர்மானியர்தான் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். இல்லை என்று நான் பந்தயம் கட்டிவிட்டேன். ஜெயிப்பேனா?
– வாசகர், சேலம்

ப: ஜெயித்துவிட்டீர்கள். ஆனாலும் நண்பருக்கு ஒரு காபியாவது வாங்கிக் கொடுங்கள், அவர் ஒன்றும் ஆகாயத்திலிருந்து பிடுங்கிப் பேசவில்லை.

கோர்ட்ஸ் லேசுப்பட்ட ஆளில்லை. பிஎம்டபிள்யூ 507 அவர் வரைந்ததுதான். 1960களின் முதல் பாதியில் நிசான் (டாட்சன் அவர்களுடைய பிராண்டுதான், 240 இசட்டுக்கு ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்று பெயர்) அவரை ஆலோசகராக வைத்திருந்தது, 1965இல் வந்த முதல் சில்வியா காரில் அவர் பங்கும் உண்டு. அதே காலத்தில் நிசானும் யமஹாவும் கூட்டுச் சேர்ந்து 2000 சிசியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்து பார்த்து, அது சரிப்படாமல் பாதியிலேயே கைவிட்டார்கள். கோர்ட்ஸும் போய்விட்டார். அதற்கப்புறம் யோஷிஹிகோ மட்சுவோ தலைமையில் நிசானின் சொந்த ஆட்கள் உட்கார்ந்து, களிமண் மாதிரிகளைச் செதுக்கிச் செதுக்கி மாற்றிக் கொண்டுவந்ததுதான் 1969 அக்டோபரில் வெளியான இசட். அமெரிக்காவில் நிசான் கிளையை நடத்திய யுட்டாகா கத்தயாமா அங்கிருந்து விடாமல் நச்சரித்திருக்காவிட்டால் அதுவும் வந்திருக்காது.

பிறகு இசட் சக்கைப்போடு போட்டதும் (ஆரம்ப விலை 3,526 டாலர், ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் காருக்கு அது நல்ல விலை), கோர்ட்ஸ் இது என் கார் என்று உரிமை கொண்டாட ஆரம்பித்தார். 1980இல் நிசான் அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தது. வரைந்தது எங்கள் ஆட்கள்தான், ஆனால் நீங்கள் எங்களுக்குச் செய்த வேலையின் பாதிப்பு அவர்களிடம் இருந்தது என்பது அதன் சாரம். வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போலிருக்கும். வேடிக்கை என்னவென்றால், இன்றுவரை ரெண்டு தரப்பும் இதே கடிதத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறது! என்னைக் கேட்டால், பாடம் சொல்லிக் கொடுத்ததும் பரீட்சை எழுதியதும் ஒன்றாகாது. மட்சுவோவின் பெயர்தான் முதலில் வர வேண்டும்.

கே: அப்படியானால் நிசான் வேண்டாமென்று விட்ட அந்தக் காரைத்தான் யமஹா டொயோட்டாவிடம் கொண்டுபோய் 2000 ஜிடி என்று விற்றுவிட்டதா?
– வாசகி, மதுரை

ப: கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. யமஹா டொயோட்டாவிடம் போனது நிஜம். ஆனால் 2000 ஜிடியின் உருவம் டொயோட்டாவின் சடோரு நோசாகி வரைந்தது. எஞ்சினும் டொயோட்டா கிரவுன் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின்தான், அதன் மேல் இரட்டை கேம்ஷாஃப்ட் ஹெட்டை (வால்வுகளைத் திறந்து மூடும் மேல்பகுதி) வடிவமைத்துக் கொடுத்தது யமஹா. வண்டிகளைக் கோத்துக் கட்டியதும் யமஹாதான். மொத்தமே 351 கார்கள். யமஹாவின் கைத்திறமை ரெண்டு கம்பெனிக்கும் போனது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம், கார் கைமாறியது என்றால் முடியாது.

கே: என் அக்கா மகன் கலிபோர்னியாவில் 1973 மாடல் 240 இசட் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கப் போகிறானாம். பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னுகிறது என்று போட்டோ அனுப்பினான். என்ன பார்க்கச் சொல்லட்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: மின்னுகிறதா? அப்படியென்றால் முதலில் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒட்டாத இடத்திலெல்லாம் உள்ளே தகடு இல்லை, பட்டிதான் பூசியிருக்கிறது என்று அர்த்தம். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே வளைந்து இறங்கும் மூலையில் கட்டாயம் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் காரின் எமன் துருதான். பானெட்டைத் திறந்தால் பின் மூலையில் பேட்டரி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஆசிட் சொட்டிச் சொட்டி முதலில் பேட்டரித் தட்டு போகும், அப்புறம் அதன் கீழிருக்கும் தகடு, அப்புறம் வண்டியைத் தாங்கும் பிரேம் ரெயில். மேலே தட்டை மட்டும் புதிதாக மாற்றி கறுப்பு அடித்துவிட்டு விற்பவர்கள் உண்டு, ஆகவே கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. தரைக்கு அடியில் ஓடும் ரெயில்கள் மெல்லிய தகடு, ஜாக்கியைக் கண்ட இடத்தில் வைத்து நசுக்கியிருப்பார்கள். நசுங்கினதன் மேலேயே புது ரெயிலை வைத்து வெல்டிங் அடித்திருந்தால் உள்ளே பழைய துரு பத்திரமாக வளர்ந்துகொண்டிருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியின் பாயை தூக்கிப் பார்க்கட்டும். ஓட்டிப் பார்க்கும்போது காருக்குள் புகை நாற்றம் அடித்தால் பின்கதவு ரப்பரும் பின்விளக்கு ரப்பரும் போயிருக்கும், அது சின்னச் செலவுதான்.

73 மாடலுக்கு மட்டும் இன்னொன்று. அமெரிக்கப் புகைச் சட்டத்துக்காக அந்த வருடம் கார்புரேட்டரை மாற்றினார்கள், தலை தட்டையாக இருக்கும். சூட்டில் மக்கர் பண்ணுகிறது என்று பலர் கழற்றிப் போட்டுவிட்டு முந்தைய வருடங்களின் உருண்டைத் தலை கார்புரேட்டரைப் பொருத்திக்கொண்டார்கள். இந்தக் காரிலும் அப்படி இருந்தால் விலையை அடித்துப் பேச அது காரணமில்லை, கழற்றிய தட்டைத் தலை கார்புரேட்டர் அட்டைப்பெட்டியில் எங்காவது கிடக்கிறதா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். கடைசியாக, எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டில் எஞ்சின் நம்பர் அடித்திருக்கும். அதையும் எஞ்சின் மேலேயே உள்ள நம்பரையும் ஒப்பிட வேண்டும். எச்எல்எஸ்30 என்று ஆரம்பிக்கும் சேஸி நம்பர் தகட்டிலும் எஞ்சின் அறையின் பின்சுவர்த் தகரத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். அது மாறியிருந்தால் போட்டோவோடு திருப்தி அடைந்துவிடலாம்.

கே: நிசானின் பழைய ஸ்கைலைன் ஜிடி-ஆர் கார் பந்தயங்களில் தொடர்ந்து 49 முறை ஜெயித்ததாமே, நம்பலாமா?
– வாசகர், திருச்சி

ப: ஹகோசுகா என்று செல்லமாக அழைக்கிறார்களே, அதுதானே? 49 தொடர் வெற்றி, மொத்தம் 50 என்பது ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு. ஆனால் முதல் வெற்றியே தகராறுதான். 1969 மே மாதம் நடந்த பந்தயத்தில் கோட்டை முதலில் தாண்டியது ஒரு டொயோட்டா 1600 ஜிடி. வழிமறித்து ஓட்டியதாக அதற்குத் தண்டனை கொடுத்ததால் வெற்றி ஜிடி-ஆருக்குப் போனது. டொயோட்டா ரசிகர் எவரிடமும் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், இந்தக் கதையிலிருந்துதான் ஆரம்பிப்பார். 1971 கடைசியில் மஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் கார் அந்தத் தொடரை முறித்தது. அதில் மட்டும் யாருக்கும் சண்டையில்லை.

கே: 240 இசட்டின் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு அமெரிக்க வி8 எஞ்சின் வைக்கிறார்களே, இது பாவமில்லையா?
– வாசகர், தூத்துக்குடி

ப: 1970களிலேயே ஆரம்பித்த பாவம் அது. 240 இசட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் செய்தார்கள், ஏற்கெனவே எஞ்சின் செத்துப்போன வண்டியில் யாராவது வி8 வைத்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். நம்பர் பொருந்துகிற, துரு ஏறாத வண்டியில் கை வைத்தால்தான் வயிறு எரியும். 2020இல் கிட்டத்தட்ட புதுசு போலவே வைத்திருந்த 1971 மாடல் ஒன்று ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. அந்த மாதிரி வண்டி கைவசம் இருந்தால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.